கதையில் அவளைக் கொன்றது யார்?

மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த 28 வயது வாசகி ஒருவர், நோட்டுப் புத்தகத்தில் கிழித்த பதினோரு பக்கங்களில் தம் நிலைமையை எழுதி அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டும், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறார். வார நாள்களில் மதுரையில் வாடகை வீட்டில் தங்கி, சனிக்கிழமை மாலை பேருந்து பிடித்து ஊருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்புகிறார். அந்த வீட்டில் அவருடன் இருப்பவர் மருந்தாளுநராக வேலை பார்க்கும் ஒரு பெண். நான்கு ஆண்டுகளாக இருவரும் காதலிக்கிறார்கள். வீட்டு உரிமையாளருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் அவர்கள் ‘கூடத் தங்கியிருக்கிற பிள்ளைகள்’, அவ்வளவுதான். இருவரும் வேறு வேறு சாதி என்பதைக் கடிதம் அரை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நூலகத்திலும் கைப்பேசியிலுமாகப் பெண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை அவர் படித்திருக்கிறார். ஒவ்வொரு கதையும் எப்படி முடிகிறது என்று ஒரு நோட்டில் அட்டவணை போட்டிருக்கிறார்: சாவு, பைத்தியம், கல்யாணம், பிரிவு, நல்லபடியாக. கடைசிப் பத்தியில்தான் எண்ணிக்கை மிகக் குறைவு என்கிறார். அவரே ஒரு நாவலும் எழுதி வருகிறார். அதன் கடைசி அத்தியாயத்தில், இருவரில் ஒருத்தி நான்கு வழிச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோகிறாள். அந்த அத்தியாயத்தை ஓர் இரவு அவருடைய இணை எடுத்துப் படித்திருக்கிறார். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டிருக்கிறார்: “என்னைய ஏன் கொன்ன?”

இதற்கிடையே விருதுநகர்ப் பக்கமிருந்து வரன் வந்திருக்கிறது. மகள் பிடிகொடுக்காததைப் பார்த்த அம்மா, முதலில் குறி கேட்க வேண்டும், பிறகு ‘இதையெல்லாம் சரி பண்ணும்’ ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். அண்ணன் ஒருமுறை கைப்பேசியைப் பிடுங்கி இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார். வாசகி கேட்பவை நான்கு. இந்தக் காதல்கள் இப்படித்தான் முடியுமா? இருவரில் யாரும் ஆண்போல இல்லையே, அப்படியானால் இது உண்மையான காதல்தானா? சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் கூடும்போது வீட்டில் சொல்லிவிடலாமா? 2018-லேயே சட்டம் வந்துவிட்டதால், பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால் யாராலும் பிரிக்க முடியாதுதானே?

அன்புள்ள வாசகிக்கு,

வேறு எதற்கும் முன்பாக நான் ஒன்றைக் கேட்க வேண்டும். “எப்படியும் இப்படித்தான் முடியப்போகிறது, சீக்கிரம் முடிந்தால் தேவலை” என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நாவலைப் பற்றிய வரியா, உங்களைப் பற்றிய வரியா என்பது மூன்று முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ அவருக்கோ எட்டிப்பார்க்கிறது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற எண்ணும் இருக்கிறது. அது வெறும் நாவல் வரிதான் என்றால் மேலே படியுங்கள். சந்தேகப்பட்டதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. கேட்காமல் விடுவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்பதை இருபது ஆண்டு ஆலோசனை வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

முடிவுகளை எழுதிய கைகள்

உங்கள் அட்டவணை கவனமாகச் செய்த வேலை. ஆனால் அதில் இரண்டு பத்திகள் குறைகின்றன. கதை எந்த ஆண்டு வந்தது என்று ஒன்று, அதை யார் எந்தச் சட்டத்துக்குப் பயந்துகொண்டு வெளியிட்டார் என்று இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்து நிரப்பிப் பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

நீங்கள் ‘பைத்தியம்’ என்ற பத்தியில் போட்டிருக்கும் ‘ஸ்பிரிங் ஃபயர்’ 1952-இல் அமெரிக்காவில் வந்த மலிவுப் பதிப்பு நாவல். வின் பாக்கர் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் மரிஜேன் மீக்கர். புத்தகங்கள் அஞ்சலில் போகவேண்டியிருந்த காலம் அது. இரண்டு பெண்கள் சேர்ந்து நன்றாக வாழ்ந்தார்கள் என்று எழுதினால், ஒழுக்கக்கேட்டைப் பரப்புகிறது என்று அஞ்சல் துறை கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், நல்ல முடிவு கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த நாவலில் ஒருத்தி மனநலம் குலைந்துபோக, மற்றவள் தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது, பின்னால் வந்தவர்கள் அதையே அச்சாக எடுத்துக்கொண்டார்கள். அஞ்சல் அலுவலகத்துக்காக எழுதிய ஒரு முடிவைத்தான், எழுபது ஆண்டு கழித்து மதுரையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் உங்கள் ஜாதகம் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதே 1952-இல் வந்ததுதான் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’. அதில் இருவரும் சாகவில்லை, யாரும் புத்தி திருந்தி ஆணிடம் போகவில்லை, கடைசிப் பக்கத்தில் ஒருத்தி மற்றவளை நோக்கி நடந்துபோகிறாள். அதை எழுதிய பட்ரீசியா ஹைஸ்மித்தும் கிளேர் மோர்கன் என்று வேறு பெயர்தான் போட்டுக்கொண்டார். தம் சொந்தப் பெயரில் வெளியிட 1990 வரை ஆனது. ஆனால் அந்த முடிவுக்காகவே நன்றி சொல்லி வாசகர்களிடமிருந்து மாதக்கணக்கில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே மாதிரிக் காதல், இரண்டு முடிவுகள். அட்டவணையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1872-இல் வந்த ‘கார்மில்லா’ மாதிரியான கதைகளில் பெண்ணை விரும்பும் பெண் இரத்தம் குடிக்கும் பேய். பேய் என்றால் கொன்றுதானே ஆகவேண்டும். உறைவிடப் பள்ளிக் கதைகளில் மாணவி ஆசிரியை மேல் உருகுவாள், பள்ளியை விட்டு வந்ததும் அது வயசுக் கோளாறு என்று ஆகிவிடும். நம் பக்கத்தில் செல்வாக்குப் பெற்றது புறக்கணிக்கப்பட்ட மனைவி. இஸ்மத் சுக்தாய் 1942-இல் உருதுவில் எழுதிய ‘லிஹாஃப்’ கதையில், நவாப் கண்டுகொள்ளாத பேகம் பணிப்பெண்ணிடம் ஆறுதல் தேடுகிறாள். அந்தக் கதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு நடந்தது. சுக்தாய் மன்னிப்புக் கேட்க மறுத்தார். இன்ன சொல் ஆபாசம் என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாமல் வழக்கு விழுந்தது. அது பெரிய கதை, மறுக்கவில்லை. ஆனால் அதையும் அதன் வழியில் வந்தவற்றையும் படித்துப் படித்து, ஆண் சரியாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்ற எண்ணம் நம் ஊரில் வேர்விட்டுவிட்டது. உங்கள் அம்மா விருதுநகர் வரனை மருந்துபோலக் கொண்டுவருவதற்குப் பின்னால் இருப்பதும் அந்த எண்ணம்தான். அவர் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் லாரிக்கும் பரம்பரை உண்டு. 2016-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், இரண்டு பெண்கள் ஒருவழியாகச் சேர்ந்த சற்று நேரத்திலேயே, வேறு யாருக்கோ குறிவைத்த குண்டு பட்டு ஒருத்தி இறந்தாள். இந்தச் சாவை எத்தனை முறைதான் பார்ப்பது என்று உலகம் முழுவதுமிருந்து பார்வையாளர்கள் கொதித்தார்கள். அங்கே எங்கிருந்தோ வந்த குண்டு, உங்கள் நாவலில் எங்கிருந்தோ வந்த லாரி. உங்கள் கதாபாத்திரம் பத்து அத்தியாயம் முழுக்கச் சாலையைக் கவனமாகக் கடக்கிற பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்று ஆங்கிலத்தில் வரும் பெண்–பெண் காதல் நாவல்களில் பெரும்பாலானவை நல்லபடியாகத்தான் முடிகின்றன; வாசகர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அவற்றுக்கும் வாய்பாடுகள் உண்டு: சிரிக்கவே தெரியாத மேலதிகாரி, காதலர்போல நடிக்கப்போய் உண்மையாகிவிடுவது, விடுதியில் ஒரே ஒரு கட்டில் மட்டும் காலியாக இருப்பது. கட்டில் வாய்பாடு நம் ஊரில் செல்லாது. கோடையில் மொட்டை மாடியில் ஆறு பெண்கள் ஒரே வரிசையில் பாய் விரித்துப் படுக்கிற வீடுகளில், இரண்டு பேர் ஒரே படுக்கையில் தூங்குவதை யார் கவனிக்கப்போகிறார்கள்? அந்தக் கண்டுகொள்ளாமைதான் உங்களை நான்கு ஆண்டு காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் இருவரும் என்னவாக இருக்கிறீர்கள் என்பதை அழித்துக்கொண்டிருப்பதும் அதேதான்.

ஒருத்தி ஆண்போல இருக்க வேண்டுமா

வேண்டியதில்லை. 1928-இல் வந்து, அதே ஆண்டில் லண்டன் நீதிமன்றம் அழிக்கச் சொன்ன ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’ நாவலின் நாயகிக்கு ஸ்டீபன் என்று ஆண் பெயர். பெண்ணை விரும்பும் பெண்ணுக்குள் ஆணின் இயல்பு புகுந்திருக்கிறது என்பது அந்தக் காலத்துப் பாலியல் அறிஞர்களின் கோட்பாடு, நாவலை எழுதிய ராட்க்ளிஃப் ஹால் அதை நம்பினார், அவர் நாயகியும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டாள். கடைசியில் அவள் தன் காதலியை ஓர் ஆணிடம் விட்டுக்கொடுத்துவிடுகிறாள். இரண்டு வாய்பாடுகளும் ஒரே புத்தகத்திலிருந்து உங்களுக்கு வந்திருக்கின்றன.

முடியைக் குட்டையாக வெட்டி, சட்டை போட்டுக்கொண்டு, அதுதான் நான் என்று நிம்மதியாக இருக்கிற பெண்கள் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். மல்லிகைப்பூ இல்லாமல் வெளியே இறங்காத இரண்டு பேர் இணையாகவும் வந்திருக்கிறார்கள். நடை உடை ஒருவருடைய சுபாவம், அதை வைத்துக் காதலை உரசிப்பார்க்க முடியாது. உங்கள் வீட்டில் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவது யார், பூட்டைச் சரிபார்ப்பது யார் என்றெல்லாம் நீங்கள் போட்டிருக்கும் பட்டியலைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அதில் உருப்படியான தகவல் ஒன்று இருக்கிறது: இரண்டு பேரும் வீட்டு வேலை செய்கிறீர்கள்.

அதே பக்கத்தில், சந்தித்த மூன்றாம் மாதமே ஒரே வீட்டுக்கு வந்துவிட்டோம், இதுவும் வாய்பாடுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் சந்திப்புக்கே சாமான்களோடு வந்துவிடுவார்கள் என்பது அமெரிக்காவில் அந்தப் பெண்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை. அங்கே வாடகை வேன், இங்கே குட்டியானை. ஆனால் உங்களுக்கு வேறு காரணமும் இருந்தது. ஆணும் பெண்ணும் பழகினால் பூங்காவோ தியேட்டரோ போகலாம், ஊர் பார்த்தாலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. உங்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு வீடு தேவைப்பட்டது. இரண்டு பெண்கள் என்றதும், ஆண்கள் யாரும் வந்து போக மாட்டார்கள் என்ற நிம்மதியில் வீட்டுக்காரரும் உடனே சாவியைக் கொடுத்திருப்பார்.

அம்மாவிடம் சொல்வது

தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் அறிவித்துவிடுவது மேற்கத்தியக் கதைகளின் உச்சக் காட்சி. அதைச் செய்யாதவரை வாழ்வது பொய் என்ற குற்றவுணர்வை அந்தக் காட்சி உங்களுக்குள் விதைத்திருக்கிறது. அதற்கு மாற்றாக நீங்கள் சங்க இலக்கியத்துக்குப் போயிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்தது. ஆனால் தலைவியும் தோழியும்தான் உண்மையான காதலர்கள், உரைகாரர்கள் மறைத்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பாட்டுகளில் காதல் தலைவன்மேல்தான். ஆசைப்பட்டு வாசிக்கலாம், ஆதாரம் என்று நீட்ட முடியாது.

அங்கே உங்களுக்கு வேண்டியது வேறொன்று கிடக்கிறது. தலைவி தன் காதலை அப்பாவிடம் நேரே போய் அறிவிப்பதில்லை. அவள் தோழியிடம் சொல்வாள், தோழி அவளை வளர்த்த செவிலித்தாயிடம், செவிலி பெற்றவளான நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும், “அன்னாய் வாழி வேண்டு அன்னை” என்று தோழி செவிலியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பேச்சுத்தான். படிப்படியாக, கோபம் குறைந்தவரிடம் முதலில், கோபம் அதிகமானவரிடம் கடைசியில் சொல்வதைப் பொய் என்று அந்த மரபு நினைக்கவில்லை. அதற்கு அறம் என்றே பெயர் வைத்தது.

உங்கள் வீட்டுச் செவிலி யார் என்பது கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஆறாம் பக்கத்தின் ஓரத்தில், பேனா மாற்றி எழுதியிருக்கிறீர்கள்: உங்களை வளர்த்த அத்தை, உங்கள் இணை ஊருக்கு வந்திருந்தபோது கேட்காமலே இரண்டு பேருக்கும் ஒரே இலையில் முறுக்கை வைத்துக் கொடுத்துவிட்டு, “அந்தப் புள்ள வந்தாத்தான் நீ நல்லா சாப்புடுற” என்று சொன்னார் என்று. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தொடங்கவேண்டிய இடம் அதுதான். முதலில் கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லுங்கள். அது பொறுக்கப்பட்டால் பிறகு மற்றது.

திருவிழா வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருப்பார்கள், அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டதாக நினைக்கும் அண்ணன் எப்படி நடந்துகொள்வார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அரை வரியில் கடந்துபோன சாதி விவரத்தையும் நான் அரை வரியாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் இரண்டு பெண்கள் என்பதைவிட, ‘அந்தத் தெருப் பிள்ளையோடு’ என்பது கையை ஓங்க வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து கூடுதலாக உங்கள் இணைக்கா உங்களுக்கா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சொல்வதற்கு முன்பே கல்விச் சான்றிதழ்களின் அசல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை மதுரை வீட்டிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கட்டும். கைப்பேசியைப் பிடுங்கியது தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைப்பதைச் சங்கப் புலவர்கள் இற்செறிப்பு என்று சொன்னதன் இன்றைய வடிவம். ஒருமுறை நடந்தது மறுமுறையும் நடக்கும் என்று வைத்துக்கொண்டு, முக்கியமான எண்களை மனப்பாடம் செய்துவையுங்கள்.

குறி கேட்பதைப் பற்றி ஒன்று. சங்கப் பாட்டுகளில் தலைவி மெலிந்துபோனால் தாய், முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவாள், முருகன் அணங்கினான், அதாவது பிடித்துக்கொண்டான் என்பார்கள். காதல் நோய்க்கு முருகனைக் கூப்பிட்டால் அவனும் வந்துவிடுகிறானே என்று நற்றிணையில் ஒரு தோழி அவனையே கடிந்துகொள்கிறாள்: “கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.” கடவுளாகவே இரு, ஆனாலும் ஒன்றும் தெரியாதவன் நீ, வாழ்க என்று. திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அம்மா குறி கேட்கப் போனால் போகட்டும், அதில் பெரிய சேதம் இல்லை. ‘சரி பண்ணும்’ டாக்டரிடம் மட்டும் போகாதீர்கள்.

சட்டம் தருவதும் தராததும்

சட்ட விவரங்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் நண்பர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டேன். உங்கள் நம்பிக்கையில் பாதி சரி. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைப் பற்றி அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த இருவர் மனமொத்து நேசிப்பது குற்றமில்லை. திருமணம் வேறு. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏற்கச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் திருமணத்தைப் பதிய மாட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கையில் இருப்பது என்ன என்று கேட்டால், கணிசமாகவே இருக்கிறது, அதில் ஒன்று மதுரையிலிருந்தே வந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சென்னைக்குப் போய்விட, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வர, அவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7-ஆம் தேதி வழிகாட்டுதல்கள் தந்தார். காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்தவர்கள், மனமொத்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக் கூடாது. யாரை விரும்புகிறோம் என்ற பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சியையும் அந்த ஆணை தடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அம்மா சொல்லும் டாக்டர் அப்படி ஏதாவது செய்ய முற்பட்டால் மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். இது நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

2025 மே 22-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்துவைத்திருக்க, அவருடைய இணை ஆட்கொணர்வு மனு போட்டார். அந்தப் பெண்ணைத் தன் விருப்பப்படி போகவிட்ட நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் உண்டு என்று சொன்னது. உங்களை வீட்டில் அடைத்தால் உங்கள் இணையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதுதான் பதில். அதற்காகவே, ஒரு வழக்கறிஞரின் எண் இருவரிடமும் இருக்கட்டும். அடி உதை என்று போனால் பெண்களுக்கான 181 என்ற எண் இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனுக்கு எதிராக மட்டும் அல்ல, அண்ணனுக்கு எதிராகவும் செல்லும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை இரண்டு. வங்கிக் கணக்கில் ஒருவர் மற்றவரை நியமனதாரராகப் போடுங்கள், கூட்டுக் கணக்கும் தொடங்கலாம், தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 14-ஆவது பிரிவின்படி, மனநலச் சிகிச்சை என்று வந்தால் உங்கள் சார்பில் பேசும் பிரதிநிதியாக ஒருவர் மற்றவரைச் சாதாரணத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமித்துக்கொள்ளுங்கள். ‘சரி பண்ணும்’ டாக்டர் பயம் இருக்கிற வீட்டில் அந்தத் தாள் பெரிய துணை.

மௌனத்தைப் படிப்பது

அவர் சமீபமாக அமைதியாக இருக்கிறார், வரன் விஷயத்தைச் சொன்னபோதும் ஒன்றும் பேசவில்லை, ஆகவே அவரும் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணிடம் திரும்பிப்போகும் பெண் என்பது உங்கள் அட்டவணையில் கனமான பத்தி, அதனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்க்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் கடிதத்தையே படியுங்கள். அவருக்கு இரண்டு மாதமாக இரவு வேலை. அவருடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. போதாதற்கு, கூட இருப்பவள் தன்னை லாரியில் அடித்துக் கொன்றிருப்பதைக் கையெழுத்துப் பிரதியில் படித்திருக்கிறார். வரன் வந்திருப்பது உங்களுக்கு, அவருக்கு இல்லை. போய்விடக்கூடியவர் யார் என்று அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை யோசித்தீர்களா? ஒருவேளை அவரும் உங்கள் அட்டவணையைப் படித்திருக்கலாம்.

நான் இலக்கிய விமர்சகி இல்லை. நாவலை எப்படி முடிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. துயர முடிவு கூடாது என்று சட்டம் போட்டால் அதுவும் இன்னோர் அஞ்சல் அலுவலகம்தான். ஆனால் “என்னைய ஏன் கொன்ன?” என்பதற்கு நீங்கள் அன்று, அது வெறும் கதை என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதினோரு பக்கம் எனக்கு எழுதிய காரணத்தை அவரிடம் சொல்லுங்கள்: பயமாக இருந்தது, எப்படி முடியும் என்று தெரியாமல் கிடப்பதைவிட நானே முடித்துவிட்டால் வலி குறையும் என்று நினைத்தேன் என்று. துணி மடிக்கும்போதே சொல்லலாம், முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இருவரும் சேர்ந்து வந்து பேச விரும்பினால் சனிக்கிழமை காலை வாருங்கள், ஊருக்குப் போகும் பேருந்து தவறாது. காத்திருக்கும் கூடத்தில் மாமியார் மருமகள், புருஷன் பெண்டாட்டி, பரீட்சையில் தோற்ற பிள்ளையோடு வந்த அப்பா என்று எல்லோரும் இருப்பார்கள். யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாசல் பலகையில் ‘குடும்ப நல ஆலோசனை’ என்று எழுதியிருக்கும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று யோசிக்காமல் உள்ளே வந்துவிடுங்கள்.